ஒரு சோடி பூட்ஸும் பத்துச் சோடி வெறுங்கால்களும்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தின் வாசற்படியில் ஒரு தாய் நம்மை வழிமறித்தார். கணவர் துறைமுகத்தில் சரக்கேற்றும் தினக்கூலி. இவர் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். பின்னால் தலைகுனிந்து நின்றான் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன்.

"அண்ணே, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. புத்தகத்தைத் தொடச் சொன்னா பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறான். இப்போ பூட்ஸ் வேணுமாம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம்! பந்து சோறு போடுமா?"

பையன் மெல்லச் சொன்னான்: "வெறுங்காலோட போனா செலக்ஷன்ல உள்ளேயே விடமாட்டாங்க மாமா."

தாயின் கேள்வியும் நியாயம். மகனின் முறையீடும் நியாயம். இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. ஆகவே படியில் அமர்ந்து ஒரு கதையைச் சொன்னோம். நூறாண்டுகளுக்கு முன் வெறுங்காலுடன் ஓடிய பத்துப் பேரையும், பூட்ஸ் அணிந்து ஓடிய ஒருவரையும் பற்றிய உண்மைக் கதை. அன்று அரையும் குறையுமாகச் சொன்னதை, அன்பு வாசகர்களே, இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கதை நடந்த இடம் கல்கத்தா. அன்று இந்தியாவின் தலைநகரம் அதுவே. 1877-ஆம் ஆண்டில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற பள்ளிச் சிறுவன் தன் தாயுடன் கங்கையில் நீராடச் சென்றுகொண்டிருந்தான். வழியிலுள்ள மைதானத்தில் வெள்ளைக்காரர் சிலர் ஒரு தோற்பந்தை உதைத்து விளையாடுவதைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். பந்து அவன் காலடிக்கே உருண்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு திருப்பி உதைத்தான். இந்தியக் கால்பந்தாட்டத்தின் பிறப்பு அந்த உதையே என்று வங்காளத்தார் இன்றும் சொல்லி மகிழ்வர்.

மறுநாள் சிறுவன் தான் பயின்ற ஹேர் பள்ளியில் தோழர்களிடம் காசு திரட்டி, மான்டன் கம்பெனிக்குச் சென்று ஒரு பந்து வாங்கினான். ஆனால் வாங்கி வந்தது கால்பந்து அன்று. நீண்ட முட்டை வடிவமான ரக்பி பந்து. பிள்ளைகளுக்கு வேற்றுமை தெரியவில்லை. அதையே உதைத்துக்கொண்டிருந்தனர். அருகிலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் இந்த வேடிக்கையைக் கண்டு இறங்கி வந்து, சரியான பந்தும் கொடுத்து விதிமுறைகளையும் கற்பித்தார். ஓர் ஆசிரியர் மாடியிலிருந்து சிரித்துவிட்டு உள்ளே போகாமல் படியிறங்கி வந்தாரே, அந்தச் செயலை நாம் வியக்கிறோம்.

அதன்பின் கல்லூரிக்குக் கல்லூரி ஆட்டம் பரவிற்று. பிரசிடென்சி கல்லூரி, சிப்பூர் பொறியியற் கல்லூரி, இயேசு சபைக் குருக்கள் 1860-இல் தொடங்கிய புனித சவேரியார் கல்லூரி ஆகியவற்றில் அணிகள் தோன்றின. கல்லூரிகளுக்கிடையே 'எலியட் கேடயம்' என்ற பந்தயமும் நடைபெற்றது. படிப்பும் பந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அக்காலத்து ஆசிரியர் கருதவில்லை. நமது நாட்டிற்கு 1906-இல் தஞ்சையில் வந்திறங்கிய சலேசிய சபையாரும் வகுப்பறைக்கு அடுத்தபடி விளையாட்டுத் திடலையே தேடியவர்கள் அல்லரோ? சுவாமி விவேகானந்தர் 1897-இல் நமது சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில், இளைஞர்கள் கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்தாடினால் விண்ணகத்திற்கு இன்னும் அருகில் செல்வர் என்னும் கருத்தைச் சொன்னார். உடல் வலுவற்றவர் என்று ஆங்கிலேயர் வங்காளிகளை ஏளனம் செய்துவந்த காலம் அது. அந்த ஏளனம் உறைக்க உறைக்கத்தான் கல்லூரி மாணவர்கள் மைதானத்திற்கு வந்தனர்.

1889-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் வடகல்கத்தாவில் மோகன் பகான் கழகம் தோன்றியது. முதலில் வைத்த பெயர் 'மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்'. ஓராண்டு நிறைவு விழாவிற்கு வந்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ, "நீங்கள் மீன் பிடிப்பதுண்டா? வேட்டையாடுவதுண்டா?" என்று வினவினாராம். இல்லை என்றனர். "அப்படியானால் ஸ்போர்ட்டிங் என்ற பெயர் பொருந்தாதே!" என்றார் அவர். அதன்மேல் 'அத்லெடிக் கிளப்' என்று பெயரை மாற்றிக்கொண்டனர். (மீன் பிடிப்பதுதான் தகுதி என்றால் நமது காசிமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பழைய பெயருக்கு உரியவர்களே!) கழகத்தின் இளைய உறுப்பினர்கள் புகைபிடித்தலும் மது அருந்துதலும் ஆகாது, மாணவர்கள் படிப்பிலும் பின்தங்கலாகாது என்று கண்டிப்பு இருந்ததாகவும் சொல்லுவர். சைலேன் பாசு என்னும் சுபேதார் மேஜர் செயலாளராக வந்து, படைவீரருக்குரிய உடற்பயிற்சியை ஆட்டக்காரருக்குக் கற்பித்தார்.

1905-இல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பைப் போட்டியில், அவ்வாண்டு ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றிருந்த டல்ஹௌசி அணியை மோகன் பகான் 6-க்கு 1 என்று முறியடித்தது. 1906 முதல் தொடர்ந்து மூன்றாண்டுகள் டிரேட்ஸ் கோப்பையையும் வென்றது. ஆனால் 1909-இல் முதன்முறையாக ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் நுழைந்தபோது, கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவிடம் மூன்று கோல்கள் வாங்கித் தோற்றுத் திரும்பியது. 1893-இல் தொடங்கிய அந்தக் கேடயத்தை அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. வென்றவை எல்லாம் வெள்ளையர் அணிகளே. பெரும்பாலும் இராணுவப் பிரிவுகள்.

இங்கே வெறுங்காலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். வறுமை மட்டுமே அதற்குக் காரணம் என்று எண்ணிவிடலாகாது. பிறந்தது முதல் வெறுங்காலுடன் நடந்தவனுக்குத் தோற்காலணி ஒரு விலங்கு. தரை காய்ந்திருந்தால் வெறுங்காலன் சட்டென்று திரும்புவான். விரல்களால் பந்தை உணர்ந்து, தட்டி, இழுத்து, எதிரியை ஏமாற்றிச் செல்வான். பூட்ஸ் அணிந்தவன் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. ஆனால் மழை பெய்துவிட்டால் கதை தலைகீழாகும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். நீரை உறிஞ்சிய தோற்பந்து கல்லாகக் கனக்கும். கல்கத்தாவில் கால்பந்துப் பருவமோ மழைக்காலத்திலேயே வரும். வானத்தையும் எதிரியையும் ஒருங்கே வெல்ல வேண்டிய நிலை. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆணியடித்த பூட்ஸ் கால் ஒன்று வெறும் பாதத்தின்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் திருவொற்றியூர்ப் பையன்களைக் கேட்டால் கால் நகத்தைக் காட்டிச் சொல்லுவார்கள்.

1911-ஆம் ஆண்டுப் பருவம் வந்தது. அணியின் தலைவர் சிபதாஸ் பாதுரி, இடது ஓரத்தில் ஆடுபவர். பிடிக்குள் அகப்படாமல் நழுவிச் செல்வதால் ஆங்கிலேயர் அவருக்கு 'வழுக்கும் சிபதாஸ்' என்று பெயரிட்டனராம். அவருடைய அண்ணன் விஜயதாஸ் பாதுரியும் உடன் ஆடினார். கோல் காத்தவர் ஹீராலால் முகர்ஜி, செங்கற்சூளை ஒன்றில் வேலை பார்த்தவர். நடுவில் முன்னின்று ஆடிய அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். பின்காவலில் வலப்புறம் பூதி சுகுல். இடப்புறம் சுதீர் சட்டர்ஜி. மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீலமாதவ பட்டாசார்யா, கானு ராய், ஹாபுல் சர்க்கார் ஆகியோர் மற்ற ஐவர். ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் இவர்களில் ஒருவருமில்லை. மாணவரும் ஆசிரியரும் மாதச் சம்பளத்தாரும் கூடிய கூட்டம் அது.

பதினொருவரில் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்தவர். அவர் ஒருவரே கிறிஸ்தவர். பவானிப்பூரில் இலண்டன் மிஷன் நடத்திய கல்லூரியில் ஆசிரியர்.

இவரிடம் சற்று நிற்போம். 'வேதத்தில் சேர்ந்தவன் துரைமார் பக்கம் சேர்ந்தவன்' என்ற பேச்சு அக்காலத்தில் நாடெங்கும் உலவியது. நமது பெற்றோரும் பாட்டன்மாரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வாழ்ந்ததில்லை. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயன் கோட்டை கட்டுவதற்கு முன்பே இங்கே செபமாலை சொல்லப்பட்டது என்பதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர் கேட்பதில்லை. 1905-இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபின், சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த அந்த நகரில், மிஷன் கல்லூரியில் பணியாற்றும் கிறிஸ்தவர் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்ற கேள்வியைப் பலர் கேட்டிருக்கக்கூடும். அவர் நின்ற இடம் இடது பின்காவல். ஆங்கிலப் படைவீரர் பந்தோடு பாய்ந்து வரும்போது, அவர்களுக்கும் ஹீராலாலுக்கும் இடையே.

முதற்சுற்று, ஜூலை 10. எதிரணி யார் தெரியுமா? நமது புனித சவேரியார் கல்லூரியே! மோகன் பகான் 3-க்கு 0 என்று வென்றது. நமது கல்லூரி தோற்றதை எழுதும்போது நியாயமாக வருத்தம் வரவேண்டும், ஏனோ வரவில்லை. கேடயப் பயணத்தின் முதற்படியாக அமைந்த பெருமை அக்கல்லூரிக்குக் கிடைத்ததே, அது போதும்.

ஜூலை 14-இல் ரேஞ்சர்ஸ் அணியை 2-க்கு 1 என்றும், 19-இல் ரைஃபிள் பிரிகேட் படைப்பிரிவை 1-க்கு 0 என்றும் வென்றனர். இதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஆட்டத்தைப் பேசினர். அரையிறுதி ஜூலை 24-இல், மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன். பிகட் என்னும் பெயர்பெற்ற கோல்காப்பாளர் அந்த அணியில் இருந்தார். ஆட்டம் 1-க்கு 1 என்று சமனாக முடிந்தது. ஒரு நாள் இடைவெளிவிட்டு 26-ஆம் நாள் மீண்டும் மோதினர். அன்று மோகன் பகான் மூன்று கோல்கள் அடித்தது. மிடில்செக்ஸ் ஒன்றும் அடிக்கவில்லை.

இறுதி ஆட்டம் ஜூலை 29, சனிக்கிழமை. எதிரணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு. இடம் கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் மைதானம்.

அன்றைய கூட்டத்தை 60,000 என்பாரும் உளர், 80,000 என்பாரும் உளர். கிழக்கிந்திய ரயில்வே தனி ரயில் விட்டது. ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. இரண்டு ரூபாய்ச் சீட்டு பதினைந்து ரூபாய்க்கு விலைபோயிற்று. சீட்டு வாங்க இயலாதவர் மரங்களின்மேல் ஏறினர். மரமும் கிடைக்காதவர் மைதானத்தைச் சூழ்ந்து, ஒன்றும் காண முடியாமல் நின்றனர். அவர்களுக்காக ஓர் ஏற்பாடு இருந்தது. உள்ளே இருப்போர் கோல் நிலவரத்தைக் காட்டும் காற்றாடிகளை வானில் ஏற்றுவர். வெளியே இருப்போர் அண்ணாந்து பார்த்து அறிந்துகொள்வர். வானொலியும் ஒலிபெருக்கியும் வராத காலத்தில் இதைவிட நல்ல வழி எது? வண்ணாரப்பேட்டை மாடிகளில் காற்றாடி விடும் நம் சிறுவர் இதைப் படித்தால் மகிழ்வர். (மாஞ்சாக் கயிறு மட்டும் வேண்டாம், தம்பிகளே.)

மாலை ஐந்தரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முற்பாதியில் இருபக்கமும் கோல் இல்லை. பிற்பாதியில் யார்க்‌ஷயர் அணிக்கு ஒரு ஃப்ரீகிக் கிடைத்தது. சார்ஜெண்ட் ஜாக்சன் உதைத்த பந்து கோலுக்குள் புகுந்தது. 0-க்கு 1. வானில் அந்தக் கணக்குடன் காற்றாடி ஏறியபோது வெளியே நின்ற ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்தபடியே வாயடைத்து நின்றிருப்பர் அன்றோ!

நிமிடங்கள் கரைந்தன. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே இருந்தபோது, இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிப் புகுந்த சிபதாஸ் பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். 1-க்கு 1. கூட்டத்தின் ஆரவாரம் அடங்குமுன், இறுதி விசிலுக்கு இரண்டொரு நிமிடங்களே எஞ்சியிருக்கையில், சிபதாஸ் தாமே இரண்டாம் முறை அடித்திருக்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு பந்தை அபிலாஷ் கோஷிடம் தள்ளினார். அந்தக் கல்லூரி மாணவர் தவறவில்லை. 2-க்கு 1. புல்லர் என்னும் ஆங்கிலேயர் நடுவராக இருந்து விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். இரு அணிகளுக்கும் பொதுவாக நின்ற அவரையும் இங்கே நினைத்துக்கொள்வோம். அத்தனை பெரிய கூட்டத்தின் நடுவே, தம் இனத்தார் தோற்கும் ஆட்டத்திற்கு நேர்மையாக விசில் ஊதுவது எளிய காரியமன்று.

பிறகு நடந்ததை வருணிக்க இயலாது. மக்கள் சட்டைகளைக் கழற்றிச் சுழற்றினர் என்று ராய்ட்டர் செய்தி உலகெங்கும் பறந்தது. முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார், இந்துச் சகோதரர்களின் வெற்றியில் தரையில் உருண்டு புரண்டு களித்தனர் என்று 'தி முசல்மான்' பத்திரிகை எழுதிற்று. இந்துச் சகோதரர்கள் என்று எழுதிய அந்தப் பத்திரிகை, இடது பின்காவலரை ஒரு கணம் மறந்துவிட்டது போலும்! மறந்தாலும் குற்றமில்லை. அந்த மாலையில் யார் எந்த மதத்தார் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்றாகாதா?

ஆட்டம் முடிந்து திரும்புகையில் முதியவர் ஒருவர் சுதீர் சட்டர்ஜியை அணுகி, வில்லியம் கோட்டையின் உச்சியில் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, "இதைச் செய்துவிட்டீர்கள், அதை எப்போது இறக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ, பின்னர் யாரேனும் புனைந்ததோ, வங்காளத்தார் அந்தக் கேள்வியை வேறு எவரிடமும் கேட்டதாகச் சொல்லாமல் அந்தக் கிறிஸ்தவரிடம் கேட்டதாகவே சொல்லிவருகின்றனர். நமக்கு அது போதும்.

அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வங்காளப் பிரிவினையை நீக்கியதோடு, தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார். பந்தாட்டத்தில் தோற்றதால் மன்னர் ஊரைவிட்டே போனார் என்று கல்கத்தாவில் வேடிக்கையாகப் பேசுவார் உண்டு. வேடிக்கை என்றே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வார வெற்றிக்கும் பேரரசின் கணக்குகளுக்கும் முடிச்சுப் போடுவது வரலாறு ஆகாது. அந்த ஒரு வெற்றியால் இந்தியக் கால்பந்து நாளடைவில் கொடிகட்டிப் பறந்தது என்று சொல்வதும் உண்மையன்று. மோகன் பகான் மறுமுறை அந்தக் கேடயத்தைத் தொட 1947 வரை, முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியே 1934 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீகை வென்றும், 1936-இல் கேடயத்தைக் கைப்பற்றியும் இந்தியரின் பெயரைக் காத்தது.

வெறுங்காலும் நெடுங்காலம் நிலைத்தது. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பெரும்பாலோர் காலணியின்றியே ஃபிரான்சுடன் ஆடினர். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-க்கு 2 என்று தோற்றனர். அணித்தலைவர் தாலிமெரென் ஆவ், நாகா மலைநாட்டுப் போதகர் ஒருவரின் மகன். கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். மோகன் பகானின் ஆட்டக்காரர். படிப்பும் பந்தும் ஒரே ஆளிடம் குடியிருந்ததற்கு அவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பின்னர் ஊர் திரும்பி மருத்துவராகவே பணியாற்றினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-க்கு 1 என்று நம்மை நொறுக்கியபின்புதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஆகவே நமது ராயபுரத்துப் பையன், வெறுங்காலோடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னது எழுபது ஆண்டுகளாக உள்ள வழக்கமே.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய், "அது கல்கத்தாக் கதை அண்ணே. நம்ம ஊருல யாரு பந்தாடி முன்னுக்கு வந்தா?" என்றார்.

நாம் வாய் திறக்குமுன் பையன் முந்திக்கொண்டான். "வியாசர்பாடி நந்தா அண்ணன்!" என்றான்.

அவன் சொன்னது சரியே. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள், கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டுராண்ட் கோப்பைக்காக ஈஸ்ட் பெங்கால் அணியும் இதே மோகன் பகானும் மோதின. நான்கரை ஆண்டுகளாக இந்தப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் வென்றதே இல்லை. அன்று 1-க்கு 0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் நமது வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர். வங்காளத்தின் பாதி மகிழ்ந்தது, பாதி அழுதது. வடசென்னையோ முழுவதும் மகிழ்ந்தது. மோகன் பகானின் புகழைப் பாடவந்த நாம் மோகன் பகானின் தோல்வியில் மகிழ்வது முறையா என்று வாசகர் கேட்கலாம். முதற்சுற்றில் சவேரியார் கல்லூரியை விட்டுக்கொடுத்தோமே, அத்துடன் கணக்கு நேராயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாப் பிள்ளைகளும் நந்தகுமார் ஆகிவிடுவதில்லை. அதையும் அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. நம் பகுதியில் பந்தாடி, துறைமுகம், ரயில்வே, ஐ.சி.எஃப். முதலிய நிறுவனங்களின் அணிகளில் இடம்பிடித்து, அதன்வழி வேலைக்குச் சென்று குடும்பத்தைக் கரையேற்றியவர் உண்டு. முழங்கால் முறிந்து, படிப்பும் கெட்டு, நாற்பது வயதில் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் உண்டு. ஆகவே பையனிடம் ஒன்று கேட்டோம்: "மோகன் பகான் கழகத்தில் படிப்பில் பின்தங்கியவனுக்கு இடமில்லையாமே, காலாண்டுத் தேர்வில் கணக்கில் எத்தனை மார்க்கு?"

பையன் ஆலயக் கோபுரத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "முப்பத்தெட்டு" என்றான்.

"பார்த்தீங்களா அண்ணே!" என்றார் தாய்.

அரையாண்டுக்குள் ஐம்பதுக்கு மேல் எடுப்பதாக அவன் ஒப்புக்கொண்டான். எடுத்தால் பூட்ஸ் விலையில் பாதி நாம் தருவதாகவும், மீதியைத் தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்வதாகவும் படியிலேயே உடன்படிக்கை ஆயிற்று. தேர்வுக்கு முன்பே செலக்ஷன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பையன் கேட்டான். பக்கத்துத் தெருவில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம் பழைய பூட்ஸ் இருப்பதாகவும், முன்பக்கம் பஞ்சு வைத்தால் இவனுக்குப் பொருந்தும் என்றும் தாயே சொன்னார். எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது!

விடைபெறும்போது பையன் திரும்பி, "மாமா, அந்தப் பூட்ஸ் போட்ட ஆளு அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டான்.

"தம் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். ரெவரெண்ட் சுதீர் சட்டர்ஜி என்றே இன்றும் அவரை அழைக்கிறார்கள்."

தாய் சிரித்துவிட்டார். "அப்போ பூட்ஸ் வாங்கிக் கொடுத்தா இவனைச் சாமியாரா அனுப்பிடலாம்னு சொல்லுங்க!" என்றார்.

பையன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான்.